நிறுவன சர்வர்களுக்கு நம்பகமான பேக்கப்: மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது ஏழாவது படி

பேக்கப் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். நாலைந்து மென்பொருள்களின் வசதிப் பட்டியலை அருகருகே வைத்து ஒப்பிடுகிறார்கள், விலை கேட்கிறார்கள், ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அந்த மென்பொருளால் எதை, எவ்வளவு நேரத்தில் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற கேள்வி, சர்வர் விழுந்த நாளில்தான் முதன்முறையாக எழுகிறது.

அதனால் கீழே உள்ள வரிசை, மீட்கும் நாளிலிருந்து பின்னோக்கி வருகிறது. ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படும். இடையில் ஒன்றைத் தாண்டிவிட்டால், ஏழாவது படியில் விற்பனையாளர் சொல்வதை நம்புவதைத் தவிர உங்களிடம் வேறு அளவுகோல் இருக்காது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எல்லாச் சர்வர்களின் பட்டியல், அவற்றுக்கான நிர்வாகி அனுமதி, கடந்த மூன்று மாதங்களில் வட்டின் பயன்பாடு எப்படி வளர்ந்தது என்ற விவரம், வெளியே செல்லும் இணைய வேகத்தின் உண்மையான அளவு. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வேகத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்; பதிவேற்ற வேகத்தை நீங்களே அளந்து பாருங்கள்.

மீட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு உதிரிக் கணினியும் வேண்டும். அது இல்லாத இடத்தில் ஒன்பதாம் படி நடப்பதேயில்லை. கடைசியாக, தொழிலை நடத்துபவரின் இரண்டு மணி நேரம். இதைப் பெறுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். முதல் படிக்கு அவர் இல்லாமல் முடியாது.

1. எவ்வளவு இழக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று எழுதி வாங்குங்கள்

இரண்டு எண்கள் வேண்டும். விபத்து நடந்தால் கடைசி எத்தனை மணி நேரத் தரவு போனாலும் தாங்கலாம் என்பது ஒன்று. துறையில் இதை ஆர்பிஓ என்பார்கள். எத்தனை மணி நேரத்துக்குள் வேலை மறுபடி தொடங்க வேண்டும் என்பது மற்றொன்று, ஆர்டிஓ.

"எவ்வளவு தரவை இழக்கலாம்?" என்று நேராகக் கேட்டால் "ஒரு வரிகூடக் கூடாது" என்ற பதில்தான் வரும். அதை வைத்து எதையும் வடிவமைக்க முடியாது. இப்படிக் கேளுங்கள்: "செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சர்வர் போய்விட்டது. திங்கள் இரவு நிலைக்குத்தான் திரும்ப முடியும். இன்று காலை போட்ட ரசீதுகளை மறுபடி கையால் ஏற்ற முடியுமா? யார் ஏற்றுவார்கள்? காகிதம் இருக்கிறதா?" பதில் சொல்ல அவர் தயங்கும் இடத்தில்தான் உண்மையான எண் இருக்கிறது.

எல்லாச் சர்வர்களுக்கும் ஒரே எண்ணைப் போடுவது இங்கே நடக்கும் பொதுவான பிழை. ஆர்டர் எடுக்கும் தரவுத்தளத்துக்குப் பதினைந்து நிமிடம் என்றால், பழைய ஆவணங்கள் கிடக்கும் கோப்புச் சர்வருக்கு ஒரு நாள் போதும். மூன்று வகுப்புகளாகப் பிரியுங்கள். பிரிக்காவிட்டால், முக்கியமில்லாத சர்வருக்குச் செலவான பணம் முக்கியமான சர்வருக்குக் கிடைக்காமல் போகும்.

2. சர்வரில் உண்மையில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுங்கள்

தரவுத்தளத்தை யாரும் மறப்பதில்லை. மறந்துபோவது அதைச் சுற்றி இருப்பவை: பயனர்கள் பதிவேற்றிய கோப்புகள், நேரம் வைத்து ஓடும் பணிகள், பாதுகாப்புச் சான்றிதழ்கள், உரிமச் சாவிகள், தீச்சுவர் விதிகள், டிஎன்எஸ் பதிவுகள், யாரோ மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்துப் போன சிறு நிரல்கள்.

நான் உதவப் போன ஒரு நிறுவனத்தில் கணக்குத் தரவுத்தளம் ஒரு மணி நேரத்தில் பழுதின்றித் திரும்பி வந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டோம். பிறகு ஒரு ரசீதைத் திறந்தபோது அதனுடன் இணைந்த ஸ்கேன் பிரதி வரவில்லை. அந்தப் பிரதிகள் எல்லாம் வேறொரு வட்டில் இருந்தன. இடம் போதாமல் இடையில் எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். பேக்கப் பட்டியலில் பழைய பாதை மட்டும் அப்படியே இருந்தது. ஒவ்வோர் இரவும் காலியான ஒரு கோப்புறையை அது கடமை தவறாமல் நகலெடுத்திருக்கிறது.

இதைத் தவிர்க்க, எதைச் சேர்க்க வேண்டும் என்று பட்டியலிடாதீர்கள். சர்வர் முழுவதையும் சேர்த்துவிட்டு, தற்காலிகக் கோப்புகள், கேஷ் போன்ற தேவையற்றவற்றை மட்டும் விலக்குங்கள். அப்போது நாளை யாராவது புதிய கோப்புறை தொடங்கினாலும் அது தானாக உள்ளே வந்துவிடும்.

ஒரு நாளில் எவ்வளவு தரவு மாறுகிறது என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். எட்டாம் படியில் வட்டின் அளவைக் கணக்கிட அது வேண்டும்.

3. பேக்கப் போலத் தெரியும் மற்றவற்றைப் பிரித்து வையுங்கள்

ரெய்டு (பல வட்டுகளை இணைத்துத் தரவை எழுதும் ஏற்பாடு), ஒரு வட்டு பழுதானால் சர்வரை ஓட வைக்கும். ஒருவர் கோப்பை அழித்தால், அந்த அழிப்பு எல்லா வட்டுகளிலும் அதே நொடியில் நடந்துவிடும். ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு கணத்தில் வட்டு இருந்த நிலையின் பதிவு, பெரும்பாலும் மூலத் தரவு இருக்கும் அதே சேமிப்பகத்தையே நம்பி நிற்கிறது. அது போனால் இதுவும் போகும். இவை தேவையற்றவை அல்ல. இவற்றை பேக்கப் என்ற கட்டத்தில் எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

ரெப்ளிகேஷனை, அதாவது மாற்றங்களை உடனுக்குடன் மற்றொரு சர்வருக்குப் படியெடுப்பதை, நம்புவது இன்னும் ஆபத்தானது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் (பயனர் கணக்குகளையும் அனுமதிகளையும் கவனிக்கும் சர்வர்கள்) ஒன்றுக்கொன்று ஒத்திசைந்தபடி இருந்தன. ஒன்று போனால் மற்றொன்றிலிருந்து எடுக்கலாம் என்பது ஏற்பாடு. எல்லாம் சேர்ந்து போகும் என்று யாரும் நினைக்கவில்லை. கானா அலுவலகத்தில் மின்தடையால் இணைப்பிலிருந்து விலகி நின்ற ஒரே ஒரு கன்ட்ரோலர் தப்பியது, அதிலிருந்துதான் மீண்டார்கள்.

4. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை ஒரே நிலையில் பிடியுங்கள்

தரவுத்தளக் கோப்புகளை ஓட்டத்தின் நடுவே அப்படியே நகலெடுத்தால், முதல் கோப்பு பத்து மணி நிலையிலும் கடைசிக் கோப்பு பத்தேகால் நிலையிலும் இருக்கும். இரண்டும் பொருந்தாது. நகல் எடுக்கும்போது எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் கொடுமை. திறக்கும்போதுதான் தெரியும்.

விண்டோஸ் சர்வரில் விஎஸ்எஸ் என்ற சேவை, நிரல்களைச் சில கணம் நிதானிக்கச் செய்து, நிலையான படம் ஒன்றைத் தருகிறது. நீங்கள் வாங்கப்போகும் மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். மெய்நிகர் கணினிகளுக்கு (ஒரே சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்), விருந்தினர் இயங்குதளத்தின், அதாவது அவற்றுக்குள் ஓடும் இயங்குதளத்தின், உள்ளே உள்ள தரவுத்தளத்துக்கும் முன்னறிவிப்பு போகிறதா என்பதைத் தனியாகச் சரிபாருங்கள். போகவில்லையென்றால், மின்சாரம் திடீரென்று போனபோது இருக்கும் நிலைதான் உங்களுக்குக் கிடைக்கும். பெரும்பாலான தரவுத்தளங்கள் அதிலிருந்து எழுந்துவிடும். எழும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஒவ்வொரு தரவுத்தளத்திலும் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது.

மைஎஸ்க்யூஎல்: டம்ப் (தரவுத்தளத்தின் உள்ளடக்கத்தை ஒரு கோப்பாக வெளியே எழுதுவது) எடுக்கும்போது ஒற்றைப் பரிவர்த்தனைத் தெரிவைக் கொடுத்தால் நிலையான நகல் கிடைக்கும், ஆனால் இன்னோடிபி என்ற சேமிப்பு முறையில் உள்ள அட்டவணைகளுக்கு மட்டும். பழைய மைஐசாம் அட்டவணைகள் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். சேமித்து வைத்த செயல்முறைகளும் நேரம் வைத்த நிகழ்வுகளும் நீங்கள் கேட்டால்தான் டம்ப்பில் சேரும்.

போஸ்ட்கிரெஸ்: ஒரு தரவுத்தளத்தை மட்டும் டம்ப் எடுத்தால் பயனர் கணக்குகளும் அவற்றின் கடவுச்சொற்களும் வராது. அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். முதல் படியில் பதினைந்து நிமிடம் என்று எழுதியிருந்தால் டம்ப் போதாது. அடிப்படை நகலுடன் வால் (WAL) கோப்புகளை, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறிக்கும் கோப்புகளை, தொடர்ந்து வெளியே அனுப்பும் ஏற்பாடு வேண்டும். அப்போதுதான் விரும்பிய நிமிடத்துக்குத் திரும்ப முடியும்.

எஸ்க்யூஎல் சர்வர்: முழு மீட்பு முறையில் வைத்துவிட்டு லாக் (மாற்றங்களின் பதிவேடு) பேக்கப் எடுக்காவிட்டால், லாக் கோப்பு வளர்ந்துகொண்டே போய் வட்டை நிரப்பிவிடும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மென்பொருள்களை லாக் எடுக்க வைப்பது இன்னும் மோசமான பிழை. சங்கிலியின் பாதி ஒன்றிடமும் மீதி மற்றொன்றிடமும் போய்விடும். தனித்தனியே இரண்டாலும் முழுமையாக மீட்க முடியாது.

5. நகல்கள் எங்கே இருக்கும் என்று முடிவு செய்யுங்கள்

3-2-1 என்ற பழைய விதி இன்றும் நல்ல தொடக்கம்: மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு இடத்தில்.

வேறு இடம் என்றால் உண்மையிலேயே வேறு இடம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. மூலத்தையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். கிளவுட் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கட்டடம் இருக்கிறது. அது எந்த ஊரில் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கணக்கு. நூறு மெகாபிட் இணைப்பில் ஒரு டெராபைட்டை நகர்த்த, ஒரு துளி வேகமும் வீணாகாவிட்டாலும் 22 மணி நேரம் ஆகும். முதல் படியில் நான்கு மணி நேரத்தில் எழ வேண்டும் என்று எழுதியிருந்தால், கிளவுடிலிருந்து மட்டும் மீட்கும் திட்டம் அங்கேயே விழுந்துவிடுகிறது. சர்வருக்கு அருகிலேயே ஒரு நகலும் வேண்டும். அருகில் உள்ளது வேகத்துக்கு, தொலைவில் உள்ளது பேரிடருக்கு.

கிளவுடில் மாத வாடகையை மட்டும் பார்ப்பவர்கள் பலர். தரவை வெளியே எடுக்கவும் பல நிறுவனங்கள் கட்டணம் வாங்குகின்றன. மிக மலிவான காப்பக வகுப்புகளில் தரவு கைக்கு வரவே பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். மொத்தத்தையும் ஒருமுறை திரும்ப எடுத்தால் என்ன செலவு, எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்ட பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.

தரவு மிக அதிகம் என்றால் நாடாவை ஒதுக்கிவிடாதீர்கள். எல்டிஓ-9 நாடா ஒன்றில் சுருக்காமலே 18 டெராபைட் நிற்கும். அலமாரியில் இருக்கும் நாடாவை இணையம் வழியாக யாரும் அழிக்க முடியாது.

6. யாரால் அழிக்க முடியும் என்று கேளுங்கள்

ரேன்சம்வேரால், அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரலால், தாக்குபவர்கள் உள்ளே நுழைந்ததும் பேக்கப்பைத் தேடுகிறார்கள். அது இருக்கும் வரை அவர்களுக்குப் பணம் கிடைப்பது கடினம். ஆகவே, "நிர்வாகியின் கடவுச்சொல் திருடுபோனால் எந்த நகல் மிஞ்சும்?" என்ற கேள்வியை உங்கள் திட்டத்திடம் கேளுங்கள். எதுவும் மிஞ்சாது என்பது விடையானால், எத்தனை நகல் இருந்தும் அது ஒரே நகல்தான்.

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு நடந்தது இதுவே. அதன் கிளவுட் கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் புகுந்த ஒருவர் பணம் கேட்டார். அவரை வெளியேற்ற முயன்றபோது சர்வர்களையும் ஸ்னாப்ஷாட்களையும் பேக்கப்புகளையும் அழித்துவிட்டார். எல்லாம் ஒரே பலகத்தின் கீழ் இருந்தன. நிறுவனம் மூடப்பட்டது.

தடுக்கும் வழிகளை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில், பேக்கப் சர்வரை டொமைனில் (எல்லாக் கணினிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் சேரும் வலையமைப்பில்) சேர்க்காதீர்கள். அதற்குத் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல், இரண்டாம் நிலைச் சரிபார்ப்பு. அடுத்து, சர்வர்கள் பேக்கப்புக்குள் எழுதுவதற்குப் பதிலாக, பேக்கப் சர்வர் வந்து இழுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். அப்போது தாக்கப்பட்ட சர்வரின் கையில் பேக்கப்பின் சாவி இருக்காது.

பிறகு, குறைந்தது ஒரு பிரதியாவது குறித்த நாள் வரை யாராலும் மாற்ற முடியாததாக இருக்கட்டும். அமேசான் எஸ்3 சேமிப்பின் ஆப்ஜெக்ட் லாக் வசதியில் இரண்டு முறைகள் உண்டு. கவர்னன்ஸ் முறையில் சிறப்பு அனுமதி உள்ளவர் அழிக்கலாம். கம்ப்ளையன்ஸ் முறையில் கணக்கின் தலைமைப் பயனர்கூட அழிக்க முடியாது. இரண்டாவதைத் தொடும் முன் நாள் எண்ணிக்கையை இருமுறை சரிபாருங்கள்; தவறாக 3,650 நாள் என்று போட்டுவிட்டால் பத்தாண்டு வாடகை கட்ட வேண்டியதுதான்.

நகல்களைக் குறியாக்கம் செய்யுங்கள். ஆனால் சாவியை அதே சர்வரில் மட்டும் வைக்காதீர்கள். சர்வர் எரிந்த நாளில் பூட்டிய பெட்டி பத்திரமாக இருக்கும், சாவி சாம்பலாகியிருக்கும். காகிதத்தில் அச்சிட்டு, இரண்டு பேர் அறிய, இரண்டு இடங்களில் வையுங்கள்.

7. இப்போது மென்பொருளைத் தேடுங்கள்

இதுவரை எழுதியதே உங்கள் கேள்வித்தாள். இதில் பாதி மென்பொருள்கள் தாமாகவே விலகிவிடும்.

மெய்நிகர் கணினிகள் மிகுந்த இடத்தில் வீம் போன்றவை முழுக் கணினியையும் படமாக எடுத்து விரைவாக எழுப்பித் தரும். புராக்ஸ்மாக்ஸ் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் தளம்) ஓட்டுபவர்களுக்கு அதன் சொந்த பேக்கப் சர்வரே இருக்கிறது. சில லினக்ஸ் சர்வர்கள் மட்டும் என்றால் போர்க், ரெஸ்டிக் போன்ற கட்டற்ற கருவிகள் போதும். ஆனால் அவற்றை இயக்கவும் கவனிக்கவும் தெரிந்த ஆள் ஒருவர் நிரந்தரமாக வேண்டும். கட்டற்ற மென்பொருளை நான் விரும்பிப் பரிந்துரைப்பவன். என்றாலும் அந்த ஆள் இல்லாத இடத்தில், ஆதரவு ஒப்பந்தத்துடன் வரும் வணிக மென்பொருளையே வாங்கச் சொல்கிறேன்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை: உரிமம் காலாவதியான பிறகும் பழைய நகல்களை மீட்க முடியுமா? பேக்கப் சர்வரே போய்விட்டால், நகல்கள் இருக்கும் வட்டை மட்டும் வைத்து எப்படித் தொடங்குவது? வேறு மாதிரி வன்பொருளில் மீட்க முடியுமா? ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுக்க எத்தனை படிகள்? விலை சர்வருக்கா, டெராபைட்டுக்கா, செயலிக்கா? டெராபைட்டுக்கு என்றால் மூன்றாண்டு வளர்ச்சியைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சோதனைக் காலத்தில் எல்லோரும் சிறிய, எளிய சர்வரில் போட்டுப் பார்க்கிறார்கள். உங்களிடம் உள்ளதிலேயே பெரியதும் பழையதும் சிக்கலானதுமான சர்வரில் போடுங்கள். தோற்க வேண்டியது சோதனைக் காலத்திலேயே தோற்கட்டும்.

8. அட்டவணையும் வட்டின் அளவும்

முழு நகல், அதன்மேல் அன்றாட மாற்றங்கள் மட்டும் என்பது வழக்கம். மாற்றங்களின் சங்கிலி நீளும்தோறும் ஆபத்து கூடும். நடுவில் ஒரு கண்ணி கெட்டால் அதற்குப் பிந்தையவை எல்லாம் கெடும். வாரம் ஒருமுறையாவது புதிய முழு நகலை எடுங்கள், அல்லது இருக்கும் மாற்றங்களைக் கோத்து முழு நகலாக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

மாற்றங்களைக் கோத்து முழு நகலாக்கும் முறைக்கு, அளவில் ஓர் எடுத்துக்காட்டு. தரவு 2 டெராபைட், நாள்தோறும் 3 விழுக்காடு மாறுகிறது, 30 நாள் வைத்திருக்க வேண்டும். முழு நகல் 2. மாற்றங்கள் நாளுக்கு 60 ஜிகாபைட் வீதம் 1.8, புதிய முழு நகல் உருவாகும்போது பழையதும் உடன் இருக்கும் என்பதால் இன்னொரு 2. மொத்தம் 5.8 டெராபைட். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டி 8 டெராபைட் வாங்குங்கள். சுருக்கத்தால் மிச்சமாகும் என்ற விளம்பரக் கணக்கை இதில் கழிக்காதீர்கள். படங்களும் காணொளிகளும் மேலும் சுருங்காது.

அன்றாட நகல்களோடு, மாத இறுதி நகல் ஒன்றையும் பல மாதங்களுக்கு வைத்திருங்கள். தரவு மெல்லக் கெடுவதும், உள்ளே புகுந்தவர் சில வாரங்கள் பதுங்கியிருப்பதும் நடப்பவை. முப்பது நாளுக்குள் எல்லாமே கெட்ட நகல்களாக மாறிவிடலாம்.

9. மீட்டுப் பாருங்கள்

முதல் பேக்கப் முடிந்த அன்றே இதைச் செய்யுங்கள். மூன்று நிலைகள் உண்டு: ஒரு கோப்பை மீட்பது, ஒரு தரவுத்தளத்தை மீட்பது, ஒரு முழுச் சர்வரையும் உதிரிக் கணினியில் எழுப்புவது. முதலிரண்டை மாதந்தோறும், மூன்றாவதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

முழுச் சர்வரை எழுப்பும்போது, அந்த உதிரிக் கணினியை உண்மையான வலையமைப்பில் இணைக்காதீர்கள். ஒரே பெயரில், ஒரே முகவரியில் இரண்டு சர்வர்கள் எழுந்தால் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல்கள் இரட்டையாகப் போகும்; நேரம் வைத்த பணிகள் இரண்டு இடங்களில் ஓடும். தனியாக ஒரு வலையமைப்புப் பகுதியை அமைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

"மீட்பு வெற்றி" என்ற செய்தியோடு நிறுத்திவிடுவது இந்தப் படியின் பெரிய பிழை. நிரலைத் திறந்து, நேற்று மாலை போட்ட ஓர் ஆர்டரைத் தேடிப் பாருங்கள். இணைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். அந்த வேலையை அன்றாடம் செய்பவரை அழைத்துப் பத்து நிமிடம் உட்காரச் சொல்வது இன்னும் நல்லது. எது குறைகிறது என்று அவர் கண்ணுக்கு உடனே தெரியும்.

கடிகாரத்தையும் வையுங்கள். தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் முதல் படியில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நான்கு மணி நேரம் என்று எழுதி, பதினொரு மணி நேரம் ஆகியிருந்தால், அந்தத் தாளைத் தொழிலை நடத்துபவரிடம் கொடுங்கள். கூடுதல் வட்டுக்கோ இணைப்புக்கோ பணம் கேட்க அதைவிட வலுவான ஆவணம் கிடையாது.

10. வராத மின்னஞ்சலையும் கவனியுங்கள்

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. அன்றாட டம்ப்பைத் தேடியபோது சேமிப்பகம் காலியாக இருந்தது: தரவுத்தளம் 9.6 பதிப்பு, டம்ப் கருவி 9.2 பதிப்பு என்பதால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டன. பெறும் சர்வர் அவற்றைச் சரிபார்ப்பில் நிராகரித்ததால் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீண்டார்கள்.

எனவே தோற்றால் செய்தி வரும் என்ற ஏற்பாடு போதாது. குறித்த நேரத்துக்குள் வெற்றிச் செய்தி வராவிட்டால் எச்சரிக்கும் வெளிக் கண்காணிப்பு ஒன்று வேண்டும். அது பேக்கப் சர்வரிலேயே ஓடக் கூடாது.

நகலின் அளவையும் பாருங்கள். திடீரென்று சுருங்கினால் ஏதோ விடுபட்டிருக்கிறது. மாற்றங்களின் அளவு ஒரே இரவில் பலமடங்கானால் உடனே விசாரியுங்கள். கோப்புகளை யாரோ குறியாக்கம் செய்துகொண்டிருக்கலாம்.

எச்சரிக்கை ஒரே ஆளின் பெட்டிக்குப் போகக் கூடாது. அவர் விடுப்பில் இருக்கும் வாரம் ஒன்று கட்டாயம் வரும். அந்த வாரத்துக்காக மீட்கும் படிகளை எழுதி, அச்சிட்டு, சர்வர்களுக்கு வெளியே வையுங்கள். அடுத்த மூன்றாம் மாதச் சோதனையை, பேக்கப்பை அமைத்தவர் செய்ய வேண்டாம். வேறொருவர் அந்தத் தாளை மட்டும் பார்த்துச் செய்யட்டும். அவர் எந்த இடத்தில் தலைநிமிர்ந்து கேள்வி கேட்கிறாரோ, அந்த இடத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அதை எழுதிச் சேர்த்துவிட்டு, அவரை முதலிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.